நீ நாடியைத் தூக்கிய அன்று

இன்று காலை உன்னால் எனக்கு வீட்டில் ஏச்சு விழுந்தது.

வலது முழங்கால் சில நாளாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மனைவி என்னைக் குசினிக் கதிரையில் இருத்தி, தைலப் போத்தலைத் திறந்தாள். மூடி கழன்றதுதான் தாமதம், அந்த மணம் மூக்கில் ஏறி என்னை மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் ஆட்டக்காரர் உடுப்பு மாற்றும் ஒரு தகரக் கூரைக்குக் கீழே கொண்டுபோய் விட்டது. சேற்றோடு கிடக்கும் சப்பாத்துகள், தட்டில் வெட்டி வைத்த தோடம்பழத் துண்டுகள், ஈரச் சுவர், மர வாங்கின் மூலையில் காலை நீட்டியபடி நீ.

"நோகுதோப்பா?" என்று அவள் கேட்டாள்.

நான் முகத்தை நிமிர்த்தி, நாடியை மேலே தூக்கி, கண்ணை அரைவாசி மூடி, நாக்கைத் தட்டி ஒரு 'ச்சு' போட்டேன்.

"இதென்ன பதில்? ஓமோ, இல்லையோ? நான் இஞ்ச கை உளையத் தேய்க்கிறன், நீங்கள் உச்சுக் கொட்டிக்கொண்டு இருக்கிறியள்."

அது என்னுடைய பதில் இல்லை, உன்னுடையது என்று சொன்னேன். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தாள். நீ போய் ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது. உன் பெயர் எடுபடும்போது இந்த வீட்டில் இன்னும் கை நின்றுதான் வேலை தொடர்கிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கார்த் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். நீ சிரியாவின் ஹோம்ஸ் நகரத்திலிருந்து வந்து டயர் தொழிற்சாலையில் கறுத்துக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே சின்ன உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஆடினோம். பத்து நாட்டுக்காரர் கூடிய கழகம். அதில் ஒழுங்காக ஓடத் தெரிந்தவர்கள் பலர், கோல் அடிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

சும்மா சொல்லக்கூடாது, உன்னைப் போலச் சோம்பேறியான ஓர் ஆட்டக்காரனை நான் அதற்கு முன் கண்டதில்லை. பாதி ஆட்டம் பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நிற்பாய். காவல் நிற்பவன் உன்னை மறந்துபோய்க் காலுறையை இழுத்துவிடக் குனிவான். அவன் நிமிரும்போது பந்து வலைக்குள் இருக்கும். வாராவாரம் இதே கதை. உன் கோல்களை எண்ணுவதை நாங்கள் முதல் ஆண்டிலேயே விட்டுவிட்டோம். எப்படியடா என்று கேட்டால், "கல்லுத் தரையில் விழாமல் அடிக்கப் பழகினவன் நான். புல்லில் எனக்கு என்ன?" என்பாய். இன்னொன்றும் சொல்வாய், அது எனக்கு அப்போது வெறும் வாய்ச்சவடாலாகத்தான் பட்டது: "கோல் அடிக்கிறவன் ஒருமுறை முடியாது என்று சொன்னால், அதோடு அவன் முடிந்தான்."

நம் முதல் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? நான் வலது கரையால் பந்தைக் கொண்டு ஓடி, தூக்கிக் கொடுக்கவா என்று உன்னைப் பார்த்தேன். நீ நாடியைத் தூக்கி 'ச்சு' என்றாய். நாடியைத் தூக்கினால் எங்களுக்கு 'என்ன?' என்று அர்த்தம். உச்சுக் கொட்டினால் 'ஐயோ பாவம்'. இரண்டையும் சேர்த்தால் என்ன வரும்? இங்கத்தையவர்கள் தலையை மேலும் கீழும் அசைத்தால் 'ஓம்' என்று எனக்குத் தெரியும், சரி, அதாக்கும் என்று தூக்கிக் கொடுத்தேன். நீ அந்த இடத்திலேயே இல்லை. எதிரணிக் கோல்காப்பாளன் மாங்காய் பிடிப்பதுபோலப் பிடித்தான்.

நீ ஓடி வந்து கத்தினாய். "வேண்டாம் என்று சொன்னேனே!"

"எப்ப சொன்னனீ? ஓம் எண்டெல்லோ தலையைத் தூக்கினாய்!" கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் ஓடாது. உனக்கு ஒரு சொல் விளங்கவில்லை.

இடைவேளையில் பொறுமையாகச் சொல்லித் தந்தாய். நாடி மேலே, நாக்கில் 'ச்சு', அது உங்கள் ஊரில் 'இல்லை'. விளங்கியதா என்று கேட்டாய். நான் தலையை இரண்டு பக்கமும் சரித்து ஆட்டினேன். விளங்கவில்லையாக்கும் என்று நீ மறுபடி முதலிலிருந்து தொடங்கினாய். நான் மறுபடி ஆட்டினேன். நீ தோடம்பழத் தோலை என்மேல் எறிந்தாய். இந்த ஆட்டம்தான் எங்கள் 'ஓம்' என்று உனக்குப் புரிந்தபோது நீ சிரித்த சிரிப்பில் இடைவேளையே முடிந்துபோனது.

அதற்குப் பிறகு அதையே நாம் ஆயுதமாக்கிக்கொண்டோம். நீ நாடியைத் தூக்கினால் பந்து கேட்கிறாய் என்று காவல்காரர் உன்னிடம் பாய்வார்கள். நான் தலையை ஆட்டினால் இவன் கொடுக்கமாட்டான் என்று அசந்து நிற்பார்கள். பாவங்கள். இரண்டாம் குளிர்காலத்தில் நீ என் தலையாட்டலையும் பழகிவிட்டாய். என்னைவிட அழகாக, தோள்வரை சரித்து, "ஓம் ஓம், மச்சான்" என்பாய். தொழிற்சாலையில் மேற்பார்வையாளருக்கு மட்டும் இந்த ஊர்க்காரர் மாதிரியே தலையசைக்கப் பழகிக்கொண்டாய்.

பிறகு உன் முழங்கால் வீங்கத் தொடங்கியது.

ஊசி போட்டு ஆடினாய். அடுத்த வாரமும் ஊசி, அதற்கடுத்த வாரமும் ஊசி. கழகத்தில் முன்பு பட்டாளத்தில் மருந்து கட்டிய ஒருவர் இருந்தார், அவர்தான் போடுவார். என் இங்கிலீஷ் உன்னுடையதைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். டொக்டர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. ஊசி நோவை மறைக்கும், கிழிந்ததை ஒட்டாது. நோவு தெரியாமல் இன்னும் ஒருமுறை அந்தக் காலில் ஓடினால் அதற்குப் பிறகு நடப்பதே பெரும்பாடு. நான் ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் உனக்குச் சொன்னேன். வெளியே வந்ததும், "ஒருவருக்கும் சொல்லாதே" என்றாய்.

ஏன் என்று எனக்குத் தெரியும். சிட்னியின் பெரிய கழகம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் உன்னைப் பார்க்க வருவதாக இருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு. உன்னைப் பிடித்துப்போனால் சிட்னி. டயர்ப் புகை இல்லை, பந்து மட்டும்தான். எங்கள் கழகத்துக்கும் அது வாழ்வா சாவா ஆட்டம். தோற்றால் லீக்கில் ஒரு தரம் கீழே போய்விடுவோம்.

அன்று மழை கொட்டியது. ஊசி போடாமலே முதல் பாதி ஆடினாய். ஒற்றைக் காலில் ஒரு கோலும் அடித்தாய். அவர்களும் ஒன்று போட்டார்கள். இடைவேளைக்கு உன்னை நான் தாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தேன். காற்சட்டைக்குக் கீழே முழங்கால் தேங்காய் அளவு இருந்தது.

கழகத் தலைவர் உன் முன்னால் வந்து குந்தினார். இறைச்சிக்கடைக்காரர், பெரிய உடம்பு, கெட்ட மனிதர் இல்லை. "ஒரே ஓர் ஊசி. அரைவாசி ஆட்டம். சிட்னிக்காரர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. சரியா?"

அறையில் எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்கவில்லை. நீ தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். நாடியை மேலே தூக்கினாய்.

"நல்ல பையன்!" என்று தலைவர் உன் தோளில் தட்டினார். ஊசிக்காரர் பெட்டியைத் திறந்தார்.

எனக்கு அந்த 'ச்சு' கேட்கவில்லை. மழையில் அது அமுங்கிப் போனதா, நீ நாக்கைத் தட்டவே இல்லையா? தட்டியிருந்தால் அது 'இல்லை'. தட்டாவிட்டால் இந்த ஊர்க்காரருக்குச் சொல்கிற 'ஓம்'. நீதான் அவர்களுடைய தலையசைப்பையும் பழகியவனாயிற்றே. உன் முகத்தில் ஒன்றும் இல்லை. ஊசிக்காரர் மருந்தை உறிஞ்சி, ஊசியை வெளிச்சத்தில் பிடித்துக் காற்றை வெளியேற்றினார். வாயால் 'முடியாது' என்று நீ ஒருகாலமும் சொல்லமாட்டாய். சொல்வதானால் இப்படித்தான் சொல்வாய், அந்த அறையில் ஒருவனுக்கு மட்டும் விளங்கும்படி.

நான் எழும்பி உனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றேன். "அவன் வேண்டாம் என்கிறான்."

"தலையசைத்தான், நான் கண்டேன்," என்றார் தலைவர்.

"அவர்கள் ஊரில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம்."

"அவனைக் கேட்டேன், உன்னையல்ல! தள்ளு!"

அவர் என் சட்டையைப் பிடித்தார். நான் நகரவில்லை. டொக்டர் சொன்னதை எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். நீ சொல்லாதே என்றதைத்தான், ஆமாம். தலைவர் என் தோளுக்கு மேலால் உன்னைக் கேட்டார்: "நீயே சொல். ஊசி வேணுமா, வேண்டாமா?"

நீ துவாயை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாய். நடுவர் வந்து கதவில் தட்டினார். தலைவர் தோடம்பழத் தட்டை உதைத்துத் தள்ளிவிட்டு, உனக்குப் பதிலாக வேறொருவனை இறக்கினார்.

தோற்றோம். ஆட்டம் முடியும் முன்பே சிட்னிக்காரரின் கார் போய்விட்டது.

பிறகு ஒருவரும் என்னோடு பேசவில்லை. அவர்களை விடு, நீயும் பேசவில்லை. அதுதான் என்னைத் தின்றது. நீ சத்திரசிகிச்சை செய்துகொண்டதையே வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். வீட்டில் இவள் வேறு: "உங்களுக்கு ஏனப்பா இந்த ஊர்வேலை? அவற்ர காலுக்கு அவரெல்லோ பதில் சொல்லவேணும்?" ஒரு மனிதனுடைய சிட்னியை, கேட்காத ஓர் ஒலியை நம்பிப் பறித்துவிட்டேனோ என்று படுத்தால் நித்திரை வராது.

கோடைகாலத்தில் ஒருநாள் கதவு தட்டப்பட்டது. "ஆர் வந்திருக்கிறார் எண்டு வந்து பாருங்கோ," என்று இவள் கூப்பிட்டாள். ஊன்றுகோலும் கையுமாக நீ. மற்றக் கையில் வெரிபீத் தோட்டத்துக் கோவா முட்டைக்கோஸ் ஒன்று, குழந்தையின் தலை அளவு. அப்போது வெரிபீ முழுக்கத் தோட்டம். இப்போது அந்தத் தோட்டத்தின் மேல் கட்டிய வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம், உனக்குத் தெரியும்தானே. இவள் புட்டு அவித்தாள். நீ மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாய். அந்த நாளின் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "ஏப்ரலில் ஆட வந்துவிடுவேன். வலது கரையில் நீ ஓடுவாயா?" என்றாய்.

நான் தலையை ஆட்டினேன்.

"அது ஓமா, இல்லையா, மச்சான்?" என்று சிரித்தாய்.

ஓடினேன். அந்தப் பத்தாண்டு முடியும்வரை ஓடினேன். கீழ்த்தரக் கழகங்கள், மேடுபள்ளமான மைதானங்கள், அங்கேயும் நீ பஸ்ஸுக்கு நின்று நின்று கோல்களாக அடித்துத் தள்ளினாய். சிட்னியிலிருந்து பிறகு ஒருவரும் வரவில்லை. "பெரிய இடத்துக்குப் போயிருக்கவேண்டிய ஆள்" என்று யாராவது உன் முதுகில் தட்டும்போதெல்லாம் நான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டுவேன். நீ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாய். தடி இல்லாமல், நேராக, கடைசிவரை நடந்தாய். ஆனால் நான் செய்ததுபற்றி நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரு சொல் உன் வாயிலிருந்து வரவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது பக்கவாதம் உன் பேச்சைக் கொண்டுபோயிருந்தது. உன் மகள் கட்டிலின் அந்தப் பக்கம் இருந்தாள். இனிக் கேட்காவிட்டால் எப்போது கேட்பது? கிட்டக் குனிந்து கேட்டேன்.

"மச்சான், அந்த மழை நாள். நான் செய்தது சரியோ?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு தலையணையில் உன் தலை அசைந்தது. ஒருமுறை இந்தத் தோள் பக்கம், ஒருமுறை அந்தத் தோள் பக்கம். மெல்ல, சரித்து.

"ஹீ இஸ் சேயிங் நோ, அங்கிள்," என்றாள் உன் மகள். கட்டிலுக்கு மேலால் என் கையைப் பிடித்தாள்.

நான் அவளைத் திருத்தவில்லை. அழுகை வந்துவிட்டது, திருத்த முடியவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் அப்படி ஒரு தலையாட்டல் கிடையாது. அது வலது கரையில் ஓடிய ஒருவனிடம் நீ பழகியது.

இவளுக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக இதையெல்லாம் இன்று காலை சொல்லி முடிக்கும்போது தைலம் காய்ந்துவிட்டது. அவள் போத்தலை மூடிவிட்டு மறுபடி கேட்டாள்: "இப்ப நோகுதோ?"

நான் நாடியைத் தூக்கினேன். நாக்கையும் தட்டினேன், நன்றாகக் கேட்கும்படி.