அப்பா எந்த மாநிலத்துக்கு?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டும். என் கைக்கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை, அதனால் சின்னவளை எழுதச் சொல்லியிருக்கிறேன். மாநிலத்தைப் பிரிக்க வேண்டாமென்று சட்டசபை சொன்னது, பொறுங்கள் என்று கோர்ட் சொன்னது, நாடாளுமன்றம் யார் பேச்சையும் கேட்காமல் பிரித்தே விட்டது. ஆற்றுத் தண்ணீர் யாருக்கு என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அதற்குள் சர்க்கார் ஆபீஸ் ஆட்களை இரண்டு மாநிலத்துக்கும் பங்கு போட வந்துவிட்டார்கள். பழைய மாநிலமா புதியதா என்று அப்பா இந்த மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்க போனா உடனே பதவி உயர்வு, இங்கயே கெடந்தா ஃபைல் தூசிதான் என்று அவருடைய மேலதிகாரி உசுப்பேற்றிவிட்டார். அப்பாவோ பெரியவ சொல்லட்டும், அவ சொன்னா சரியா இருக்கும் என்கிறார். யோசித்து எழுது கண்ணு. வெயிலில் அலையாதே, என் ஆசீர்வாதம் உனக்கு.

அக்கா, அம்மா சொன்னது முடிந்தது, இந்தத் தனித் தாள் என்னுடையது. எல்லோரும் தூங்குகிறார்கள், அப்பா இருமினாலே சமையலறை விளக்கை அணைத்துவிடுகிறேன். பெரியவ சொல்லட்டுமாம்! இந்த வீட்டில் மிக்சி வாங்கவும் பெரியவ, மாநிலம் மாறவும் பெரியவ. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவளை, உனக்கு எது வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. உனக்கென்ன, ஒரே மாநிலமாக இருந்தபோதே டாக்டர் சீட் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். இப்போது கடைசி நான்கு வருடம் எங்கே படித்தோமோ அங்கேதான் சீட்டுக்கு உள்ளூர்ப் பிள்ளையாம். நடுவில் மாறினால் நான் இரண்டு பக்கமும் வெளியாள். டீச்சரிடம் கேட்டேன், அந்த விதி மேல கேஸ் நடக்குதும்மா, தீர்ப்பு வர்றதுக்குள்ள நீ பரீட்சையே எழுதி முடிச்சிடுவ என்றார். அப்பாவிடம் சொல்லப் போனேன், கண்ணாடி முன்னால் நின்று புதுப் பதவியின் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பி வந்துவிட்டேன். சொன்னால் எனக்காக விட்டுவிடுவார், பிறகு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். சொல்லாவிட்டால் என் சீட் போச்சு. நீ சொன்னால் மட்டும் யாரும் சொல்லிக்காட்ட மாட்டார்கள், அந்தச் சலுகையும் உனக்குத்தான். இங்கேயே இருங்கள் என்று நீயாக யோசித்த மாதிரி எழுது. பெரியவளுக்கு எவ்வளவு அக்கறை பார் என்று என்னிடமே மெச்சுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும், ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

அம்மா சொன்ன ஆசீர்வாதம் முழுவதும் உனக்கே. இந்தத் தாளை மறக்காமல் கிழித்துப்போடு.

அம்மாவுக்காகவும் தனக்காகவும்,
சின்னவள்