தூக்குவாளி தொங்கிய மரம்

மாப்ளே,

யாரும் நம்பவே மாட்டாத ஒரு கதையை, போடி மலைகள் அத்தனையும் சாட்சியாக, உனக்கு எழுதுகிறேன். நம்பாவிட்டால் போ. இனி நீ எதிர்த்துப் பேசவா போகிறாய்?

நேற்று உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். ஏலக்காயும் படம் கழுவும் மருந்தும் கலந்த அந்த வாடை மூக்கைப் பிடித்து உலுக்கியது. நான் போட்ட தும்மலில் சிலமலையில் இரண்டு தென்னை சாய்ந்ததாகக் கேள்வி. பெட்டி நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள். மலை, மரம், மேகம். மனுசப் பூண்டு ஒன்றுகூட இல்லை.

விஷயம் இதுதான். போடிமெட்டுக்கு மேலே நீ எடுத்து எடுத்துத் தீர்த்த காட்டுச் சரிவை ஒருவர் வாங்கிவிட்டார். சொகுசு விடுதி கட்டப்போகிறாராம். பாதி மரத்தை வெட்டிவிட்டு, "அங்க எப்பவுமே பொட்டல்தான், நாலு புதரு" என்கிறார். ஊர் மனு கொடுத்து, விசாரிக்க ஒரு அதிகாரி வருகிறார்; மீதி மரம் பிழைக்க உன் படம்தான் சாட்சி. ஆசையாகத் திருப்பிப் பார்க்கிறேன், எந்த இடம் என்று ஒரு வரி உண்டா? "மேகம் போதாது." அடுத்ததில், "மேகம் அதிகம்." உன்னை எழுப்பி உட்காரவைத்து உதைக்கலாம் போல இருந்தது!

உயிரோடு இருந்தபோதும் இப்படித்தானே படுத்தினாய். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் உன் ஜீப்பை வளைவில் நிறுத்திவிட்டு, வானத்தைப் பார்த்தபடி ஒரு யுகம் நின்றாய். யானைகள் வரிசையாக வந்து பார்த்து, அலுத்துத் திரும்பிப் போயின. காய் எடுக்கப் போகிற பாக்கியம் ஜீப்பிலிருந்து கத்தினாள்: "அண்ணே, மேகத்துக்குச் சோலி இல்ல, எங்களுக்கு இருக்கு! வெரசா எடுங்க!"

நீ திரும்பாமலே, "இரு ஆத்தா, மலை இன்னும் மூஞ்சி கழுவல" என்றாய்.

அந்தப் பாக்கியத்திடமே படங்களைக் கொண்டுபோனேன். புரட்டிக்கொண்டே வந்தவள் ஒன்றில் விரலை வைத்தாள். கிளையில் கடுகளவு ஒரு புள்ளி.

"இது என் தூக்குவாளியாச்சே! எறும்பு ஏறாம சோத்தை அங்கதான் தொங்கவிடுவேன். படத்துக்கு ஆகாது, எடுன்னாரு. எடுப்பேனா நானு?"

பின்னால் உன் கையெழுத்து: "வாளியால் பாழ்."

நீ பாழென்று ஒதுக்கிய அந்த ஒன்றுதான் வாயைத் திறந்தது, மாப்ளே! பாக்கியம் விசாரணை அதிகாரியைச் சரிவுக்கே கூட்டிப்போய் அந்தக் கிளையைக் காட்டினாள். படத்தில் அதைச் சுற்றி அடைத்து நின்ற மரமெல்லாம் இப்போது வெறும் வெட்டுத்தூர். அதிகாரி படத்தையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தார். முழுதாக அளந்து முடியும்வரை எந்த மரத்திலும் கைவைக்கக் கூடாது என்று அங்கேயே எழுதினார்.

பிறகு பேனாவை நிறுத்தி, "படம் எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

இந்தக் கதையில் நான் எதையெல்லாம் ஊதிப் பெருக்கினேன் என்பது உனக்குத் தெரியும். இந்தச் சின்ன விஷயத்தில் மட்டும் ஒன்றும் சேர்க்கவில்லை: போடியிலேயே பெரிய வாய்க்காரனான எனக்கு, உன் பெயரைச் சொல்ல நா எழவில்லை. பாக்கியம்தான் சொன்னாள்.