வேட்டு வேண்டாம் என்ற மச்சானுக்கு

என் பிரியத்துக்கும் கிண்டலுக்கும் உரிய மச்சானுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வருகிற பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். லேசாகக் கண் கலங்கியது என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் தன் துண்டை எடுத்து நீட்டுகிற அளவுக்கு அழுகை. கண்டக்டர் டிக்கெட் போடுவதை விட்டுவிட்டு வந்தார்.

“என்னண்ணே, வீட்ல எதுவும் துக்கமா?”

“ஆமாப்பா. எங்க மச்சான்.”

“அடடா! எப்பண்ணே?”

“ஒம்பது வருசம் ஆச்சு.”

பஸ்ஸே சிரித்தது பாருங்கள், டிரைவர் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டிலிருந்த ஒரு அம்மா மட்டும், “பாவம், சிரிக்காதீகப்பா. இவருக்கு இப்பத்தான் சேதி வந்துருக்கும்” என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

யோசித்துப் பார்த்தால் அந்த அம்மா சொன்னதுதான் சரி. உங்களைப் பற்றிய சேதி எனக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. என் கையில் இருந்தது உங்கள் மருமகள் பவித்ரா எழுதிய நாவல். பரவை மார்க்கெட்டில் நம் மண்டியிலேயே வைத்துப் படித்திருந்தால் பிழைத்திருப்பேன். வெங்காய யாவாரி அழுதால் ஏனென்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆமாம் மச்சான், உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளை இன்றைக்கு நாவல் எழுதியிருக்கிறாள். பத்தாம் வகுப்பை ஒரே தடவையில் முடிக்கப் பிரியமில்லாமல் மறுபடியும் படித்தவன் நான். எனக்கு இப்படி ஒரு மகள். என்னத்தைச் சொல்ல?

கதை ஒரு பட்டாளத்து லாரி டிரைவரைப் பற்றியது. பெயர் முத்து. பெயரைத்தான் மாற்றியிருக்கிறாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு டீ குடிக்கிறவர் நீங்கள்தான் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த கதைகளிலும் படங்களிலும் பட்டாளத்துக்காரனுக்கு இரண்டே வேலைதான். ஒன்று சுடுவான், இல்லாவிட்டால் செத்துப்போவான். சட்டைப் பையில் ஒரு பெண்ணின் போட்டோ இருக்கும். குண்டு சரியாக அதில்தான் பாயும். பெருமையாக அழுதுவிட்டு வெளியே வந்து பரோட்டா சாப்பிடுவோம். ஆனால் சாகாமல் திரும்பி வருகிறவன்? ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன்? யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் சட்டென்று திரும்பி முறைக்கிறவன்? அவன் எதைச் சுமந்துகொண்டு நிற்கிறான் என்று அந்தக் கதைகளில் யாரும் கேட்கவில்லை. இவள் கேட்டிருக்கிறாள்.

அதில் ஒரு அத்தியாயம் காதுகுத்து. அதுதான் என்னை பஸ்ஸில் அழவைத்தது. பின்னால் வந்த சண்டைக்கும் அதுதான் காரணம்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பக்கத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவருகிறார் என்றால் தெருமுனையிலேயே வேட்டு வெடிக்கவேண்டும். மேளம் குறைந்தால்கூட மன்னிப்பார்கள், வேட்டு இல்லாத தாய்மாமனை மன்னிக்கவே மாட்டார்கள். நீங்கள் தட்டுத் தட்டாகப் பழம், பட்டுப்பாவாடை, தங்கத் தோடு, கிடா எல்லாம் கொண்டுவந்தீர்கள். வேட்டு மட்டும் கூடாது என்றுவிட்டீர்கள். நான் ஏன் என்று கேட்டதற்கு, “காசு இல்ல மாப்ள” என்று சிரித்தீர்கள். பந்தல் முழுக்க அதே பேச்சு. உங்கள் சித்தப்பாவே, “மிலிட்டரி சம்பளம் வாங்குற கஞ்சப்பய, ஒரு சரவெடிக்கு வக்கில்ல” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உங்கள் தங்கச்சி என் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றாள். அப்புறம் வெகுநாள் உங்களோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்கு என் பங்காளி ஒருவன் குசும்புக்கு ஒரு சரத்தை வாங்கிவந்து பந்தலுக்குப் பின்னால் கொளுத்தினான் இல்லையா? பவித்ரா உங்கள் மடியில் இருந்தாள், விவரம் தெரிகிற ஆறு வயசு. அப்போதுதான் ஆசாரி குத்தி முடித்திருந்தார். சரம் வெடித்ததும் நீங்கள் இரண்டு கையாலும் பிள்ளையின் காதைப் பொத்தினீர்கள். பச்சைக் காயம், பிள்ளை அலறினாள். காது குத்தின வலியில் அழுகிறாள் என்று நாங்கள் எல்லோரும் சர்க்கரையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நாவலைப் படித்துவிட்டு அவளிடம் கேட்டேன். “ஏம்மா, இதெல்லாம் நீயா சோடிச்சதா?”

“இல்லப்பா. அன்னைக்கு நான் மட்டும் கத்தல. மாமாவும் கத்துனாரு. என் காதப் பொத்தியிருந்ததால எனக்கே லேசாத்தான் கேட்டுச்சு. ஆனா அவரு நெஞ்சு என் முதுகுல இடிச்சுச்சுப்பா. இப்பவும் முதுகுல இருக்கு.”

எங்கள் எல்லோருக்கும் கண் இருந்தது மச்சான். அம்புட்டுப் பேரில் பார்த்தது அந்தப் பிள்ளையின் முதுகு மட்டும்தான்.

இப்போது ஊர்ச் சேதிக்கு வருகிறேன். உங்கள் ஊர் எல்லையில் உங்கள் சித்தப்பாவும் ஊர்க்காரர்களும் சேர்ந்து உங்களுக்கு மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு அடித்த ஃபிளெக்ஸைப் பார்த்திருந்தால் எழுந்து வந்திருப்பீர்கள். ஒரு பக்கம் புலி, ஒரு பக்கம் போர் விமானம், நடுவில் நீங்கள். மீசையை இரண்டு மடங்கு பெரிசாக்கி, கையில் துப்பாக்கியும் கொடுத்துவிட்டார்கள். கீழே ‘வீரமரணம் அடைந்த’ என்று போட்டிருந்தது. கத்தரிச் செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலியில் போனவரை எப்படியப்பா இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். “மிலிட்டரின்னு சொன்னோம்ணே, கம்ப்யூட்டர்ல அந்த மாடல்தான் இருந்துச்சு” என்றார்கள்.

விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் சித்தப்பா பரவையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“மாப்ள, புள்ள நல்லாத்தான் எழுதியிருக்கு. மேடையில அதையும் பேச வைக்கிறோம். ஆனா அந்தக் காதுகுத்து சமாச்சாரம் முழுக்கக் கற்பனைன்னு ஒரு வார்த்த சொல்லிரணும். அடுத்த பதிப்புல அத எடுத்துரணும்.”

“ஏன் மாமா?”

“பட்டாளத்தான் பயந்தான்னு எழுதலாமா? நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்?”

“இத்தன வருசமா நீங்க அவர கஞ்சப்பயன்னு சொன்னீகளே, அது மட்டும் மரியாதையா?”

“கஞ்சத்தனம் நம்ம குடும்பத்துல உள்ளதுதான்யா. பயம் கெடையாது.”

சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு அது நின்றும்விட்டது. பவித்ரா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். “சொல்லிரவாப்பா? கதைதான? கற்பனைன்னு சொன்னா கொறஞ்சா போகும்? அம்மா ஊருக்குப் போக வர இருக்கணும்ல?” என்றாள். அவள் பார்வை அம்மாவிடம் போனது. உங்கள் தங்கச்சி அந்த அத்தியாயத்தைப் படித்த நாளிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

“இந்த வீட்டுக்கு ஒரு பொய்யன் போதும்மா” என்றேன். “அழுகுன வெங்காயத்த நேத்து வந்த சரக்குன்னு தினமும் சொல்லிக்கிட்டு நான் இருக்கேன்ல. நீ எழுதினது எழுதினதுதான்.”

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, விழா நாளில் போய்ப் பார்த்தால் நிலைமை வேறு. சிலையிலிருந்து ரோடு வரைக்கும் சிவப்புச் சரவெடியை விரித்துப் போட்டிருந்தார்கள். துணியை விலக்கியதும் வெடிக்கவேண்டும், அப்புறம் பவித்ரா பேசவேண்டும். நான் உங்கள் சித்தப்பாவிடம் போய், “மாமா, வேட்டு மட்டும் வேணாம்” என்றேன்.

“அன்னைக்கு அவன் வேட்டுப் போடலன்னு ஊரே சிரிச்சுச்சு மாப்ள. அந்தக் கொறைய இன்னைக்கு நாங்க தீக்குறோம்” என்றார். பாசமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வீரன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பல்லி விழுந்தால் கட்டிலில் ஏறி நிற்கிறவன். மைக்கில் பேசவும் வராது. என்ன செய்வதென்று தெரியாமல், விரித்திருந்த சரவெடி மேல் போய் உட்கார்ந்துவிட்டேன். என் உடம்பைத்தான் பார்த்திருக்கிறீர்களே, ஒரு நல்ல நீளத்துக்குச் சரத்தையே காணோம்.

“மாப்ள, எந்திரிங்க! வெள்ள வேட்டி அழுக்காகுது.”

“அழுக்கானா தொவச்சுக்கிருவேன் மாமா. மொதல்ல அந்த ஊதுபத்திய அணைக்கச் சொல்லுங்க.”

கூட்டத்தில் ஒருத்தன், “கொளுத்துங்கப்பா, வெங்காயம் வதங்கட்டும்” என்றான். ஊரே சிரித்தது. “கொளுத்துங்கடா பாப்போம்!” என்று கத்தினேன். கர்ஜனையாக வரும் என்று நினைத்தேன், கோழி கூப்பிடுகிற மாதிரி வந்தது. அதற்கும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று சம்மணம் போட்டு நன்றாகவே உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் தங்கச்சி எழுந்து வந்தாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில், அந்தச் சரத்தின் மேலேயே உட்கார்ந்தாள்.

“சித்தப்பா” என்றாள். “எங்கண்ணன் கஞ்சன் இல்ல.”

சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு தொடர்ந்தாள்.

“அன்னைக்கு அது வேட்டு வேணாம்னு சொன்னது காசுக்காக இல்ல. ஏன்னு நீங்களும் கேக்கல, கூடப்பொறந்த நானும் கேக்கல. எம்மக எழுதியிருக்கா. அது ஒண்ணும் கற்பனை இல்ல. கேக்குறவுக கேளுங்க, பிடிக்காதவுக சாப்பிடப் போங்க.”

கொஞ்சம் பேர் சாப்பிடத்தான் போனார்கள். பொய் சொல்வானேன். “குடும்பத்தோட கிறுக்கு” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு பவித்ரா மைக்கைப் பிடித்து அந்த அத்தியாயத்திலிருந்து படித்தாள். ‘முத்து லாரியில் மலை ஏறும்போது அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோனான். இறங்கும்போது, நேற்று அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களைத் துணி போர்த்திக் கொண்டுவந்தான். ஊருக்கு வந்த பிறகும் அவன் யாரையும் இறக்கி வைக்கவில்லை.’ குரல் நடுங்காமல் படித்தாள். நடுங்கினவன் நான்தான், சரவெடி மேலே.

முடிந்ததும் உங்கள் சித்தப்பா சரத்தைச் சுருட்டச் சொல்லிவிட்டார். அப்புறம் என் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“மாப்ள, அந்தப் பொஸ்தகத்துல கஞ்சப்பயன்னு சொல்ற கெழவன் வாரானாம்ல. பேரு போட்டிருக்கா?”

“இல்ல மாமா.”

“அப்பக் கெடக்கட்டும்.”

இப்படியாக உங்கள் அத்தியாயம் தப்பித்தது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை மச்சான். கதையில் வருகிற பட்டாளத்துக்காரன் பயப்படக் கூடாது, அழக் கூடாது, தூக்கத்தில் உளறக் கூடாது என்று சட்டம் போடுகிறவர்கள் யார்? பொங்கலுக்கு ஊருக்கு வந்துபோகிற தூரத்துக்கு மேல் எங்கும் போகாத என்னைப் போன்ற ஆட்கள்தானே? எங்கள் பெருமைக்காக நீங்கள் கஞ்சன் பட்டத்தையும் சுமக்கவேண்டுமா? முடியாது. புலியையும் விமானத்தையும் வேண்டுமானால் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். என் மகள் நெஞ்சு இடிக்கிற மனுசனை வைத்துக்கொள்வாள். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அது இழுக்கு என்று தோன்றினால், பரவை மார்க்கெட்டில்தான் இருப்பேன், நேரில் வந்து சொல்லட்டும். சின்ன வெங்காயம் போட்டுத் தருகிறேன், உரித்துக்கொண்டே பேசலாம்.

உங்களுக்கு என் வாக்கு இது. அடுத்த பதிப்பிலும் அதற்கடுத்த பதிப்பிலும் அந்த அத்தியாயத்தில் ஒரு எழுத்து குறையாது. பவித்ரா வீட்டில் நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் காது குத்தினாலும் வேட்டு கிடையாது. யார் கேட்டாலும் காசு இல்லை என்று சொல்லமாட்டோம். காரணத்தைச் சொல்லுவோம், சத்தமாகவே.

விழா முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல வெயில். தொப்பி, மெடல், பித்தான் ஒன்றைக்கூட விடாமல் செய்திருந்தார்கள். கழுத்துவரைக்கும் பித்தான் போட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றீர்கள். உங்கள் தங்கச்சி பக்கத்தில் இருந்ததால், ஊருக்கே கேட்கும்படி “போயிட்டு வாரேன் மச்சான்” என்று மட்டும் சொன்னேன். வாய்வரைக்கும் வந்து, சொல்லாமல் விட்டது வேறு:

போதும் மச்சான். இறங்கி வாங்க. வீட்டுக்குப் போவோம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியைக் கட்டிய, உங்கள் மருமகளைப் பெற்ற,
வெங்காய மண்டி மாப்ள