கோடு போட்ட பூச்சியம்

1995 பெப்ரவரி 6, திங்கள்

பனி. லிப்ட் இன்றும் பழுது. ஏழு மாடி இறங்கித் தபால் எடுத்தேன். பொஸ்ரனிலிருந்து தடித்த உறை. என் கணவருடன் வேலை செய்த ரால்ஃப். தாங்கள் கட்டிய முதல் கம்ப்யூட்டரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். இவருக்கென்று ஓர் அத்தியாயம். பிழை பார்த்துத் தரட்டாம். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்.

பெப். 7

எழுத்துப்பிழை நான்கு. சிவப்புப் பேனை. ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசி. பெரிய அதிகாரிகள் பார்க்க வந்த நாள். இயந்திரம் ஓடவில்லை. இயந்திரத்துக்கான கட்டளைத் தாளில் பூச்சியம் வரவேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்து ஓ. அதைப் பார்த்து இயந்திரத்துக்கான அட்டையில் துளையிட்ட பெண் தாளில் கண்டபடியே துளையிட்டிருக்கிறாள். பிழை தன்னுடையது என்றாராம் இவர். அதன்பின் இவரைப் பழுதுபார்க்கும் பகுதிக்குத் தள்ளிவிட்டார்கள், ஓய்வுபெறும்வரை அங்கேதான். இவ்வளவு கவனமான மனிதர் எப்படி என்று ரால்ஃப் வியக்கிறார்.

அந்தத் தாளை வீட்டில் இவருக்குத் தட்டச்சுச் செய்து கொடுத்தது நான். சாகும்வரை இவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கொன்வென்ர் பள்ளித் தட்டச்சு வகுப்பில் சிஸ்டர் படிப்பித்தது: பூச்சியத்துக்குப் பெரிய ஓ, ஒன்றுக்குச் சின்ன எல். இவர் எழுதிய ஒவ்வொரு பூச்சியத்திலும் குறுக்கே ஒரு கோடு. ஓவுடன் குழம்பக்கூடாது என்றுதான் போட்டிருக்கிறார். எனக்கு அசிங்கமாகப் பட்டது. கோடு போடாமல் அடித்தேன். அடித்ததை இவர் சரிபார்க்கவுமில்லை. "நீர் அடிச்சா பிழை இராது."

பெப். 8

பால், கறிவேப்பிலை, முத்திரை. முழங்கால் வலி.

இவருக்கு முன்னேறத் தெரியாது என்று எத்தனை பேர் முன்னால் சொல்லியிருப்பேன். விட்பியில் ஒரு கலியாண வீட்டில், மேசை நிறைய ஆட்கள் இருக்க. கத்தரிக்காய்க் கறி நல்லாயிருக்கு என்றார் இவர். இவர் போய் ஆறு வருடம்.

பெப். 9

மில்லிக்கனிலிருந்து மகளின் போன். உள்ளதைச் சொன்னேன், ரால்ஃபுக்கு எழுதப்போகிறேன் என்றும். முதலில் சிரித்தாள்.

"நாப்பது வருசக் கதை அம்மா. உங்கட மானத்தைக் காப்பாத்தத்தானே அப்பா பேசாமல் இருந்தவர். அதையும் கெடுக்கப் போறியளோ?"

மத்தியானம் சாப்பிடவில்லை.

அவள் சொல்வதிலும் நியாயம். ஆனால் அச்சில் வரப்போவது இவர் பெயர்.

பெப். 11

ரால்ஃபுக்குக் கடிதம். மூன்று கிழித்தேன். கடைசியில் நான்கு வரி, பிழை என்னுடையது என்று. மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் இல்லை. தபாலில் போட்டாயிற்று.

பெப். 20

காலையில் ரால்ஃப் போன். குரல் தளர்ந்துவிட்டது. தட்டச்சுச் செய்தவரின் பிழை என்று மட்டும் போட்டால் போதாதா என்றார். மனைவி என்று போடச் சொன்னேன். பெயருடனா? ஓம், பெயருடன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். ஓரிடத்தில் பிழை. திருத்தினேன்.