நீ மூடாமல் போன கோப்பு

என் அருமை மச்சான், அதிகப்பிரசங்கி செல்வத்துக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன் கம்ப்யூட்டரின் கருப்புத் திரையை நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். சந்தோஷப்படாதே. கற்றுக்கொண்ட பிறகும் அதன்மேல் எனக்கு எள்ளளவும் மரியாதை வரவில்லை.

நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவன். அலுவலகத்தில் முப்பது வருடமாக விசைகளைப் பார்க்காமலே அடிக்கிறவன். என்னைப் பார்த்து ஒரு பெட்டி, எழுதுவதற்கு முன்னால் 'ஐ' விசையை அமுக்கி அனுமதி வாங்கு என்கிறது. அம்புக்குறி விசைகள் நாலு சும்மா கிடக்க, மேலே போக ஓர் எழுத்து, கீழே போக ஓர் எழுத்து. எவனோ வேலையற்றவன் செய்த ஏற்பாடு, அதை மெச்சிக்கொள்ள நீ ஒருவன். மூடுவதற்குக்கூட ஒரு பாடம். முதல் வாரம் முழுக்க மூடத் தெரியாமல் சுவிட்சை அணைத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தேன்.

மாடியில் உன் பின்னால் நின்று நான் இதைத் திட்டினால் என்ன சொல்வாய்? "எஸ்கேப்ப அமுக்குங்க மாமா, அப்பறமா திட்டுங்க."

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்படுகிறவர்கள் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். கொடுக்கிறவர்களின் பெயர், ரத்தப் பிரிவு, போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் அந்தப் பெட்டியில் ஒரே கோப்பு. நீ போனாலும் உன் போன் அடிப்பது நிற்கவில்லை. வேறு எதிலாவது மாற்றிவிடலாம் என்றேன். உன் அக்கா மல்லிகா விடவில்லை. "அவன் வெச்சது வெச்ச மாதிரியே இருக்கட்டும். உங்களுக்குத்தான் டைப்பு தெரியுமே, கத்துக்குங்க."

மளிகைப் பட்டியல் ஒன்றை வைத்துப் பழகினேன். வரியை அழிக்க 'டி' இரண்டு முறை. அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், துவரம்பருப்பு அசையவில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று மூன்று நாள் தொடவில்லை. கடைசியில் பார்த்தால், சாமான் பெயர்களை அடிக்கப் போட்ட தமிழ் விசைப்பலகையை அணைக்காமல் விட்டிருக்கிறேன். தமிழில் எழுது, தமிழை அணை, கட்டளை கொடு, மறுபடி தமிழைப் போடு. இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்தாய்? அலுக்கவில்லையா உனக்கு?

இதையெல்லாம் மிஞ்சிய கேவலம் ஒன்று. உன் பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் ஓர் எச்சரிக்கை. செல்வம் இந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கலாம், சேமிக்காத மாற்றங்கள் இருக்கலாம், மீட்கவா, பார்க்க மட்டுமா என்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்த அன்று நீ அதை மூடவில்லை. அந்த நேரத்தில் யார் மூடுவார்கள்? ஆள் போய்ச் சேர்ந்ததுகூடத் தெரியாத இந்த மூடப் பெட்டியையா தலையில் தூக்கிவைத்து ஆடினாய்? மீட்கப் போய் இருப்பதும் போய்விட்டால் என்ன செய்வது என்று, நாலு மாதமும் 'பார்க்க மட்டும்' என்றே சொல்லிவந்தேன். எனக்குப் பயம். இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பிள்ளைச்சாவடிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "செல்வம் அண்ணனா? பொண்ணுக்குப் பிரசவம், ஆப்பரேஷன்னு சொல்றாங்க. ஓ நெகட்டிவ் வேணுமாம்ண்ணா." பட்டியலில் அந்தப் பிரிவில் மூன்றே பேர். ஒருவர் துபாயில். ஒருவர் போன மாதம்தான் கொடுத்தார். மூன்றாமவரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. வேறு வழியில்லாமல், நீ கடைசியாக யாரையாவது சேர்த்திருப்பாயோ என்று, சேமிக்காததை மீட்கும் விசையை அமுக்கினேன்.

அடியில் ஒரு புது வரி வந்தது.

"மாமா. ஓ நெகட்டிவ். கடைசியாகக் கொடுத்தது: இல்லை. குறிப்பு: திட்டுவார், வருவார்." நடுவில் என் நம்பர்.

யாரைக் கேட்டு எழுதினாய்? என் குடலிறக்க ஆபரேஷனுக்குத் துணைக்கு வந்தவன், அந்தச் சீட்டில் என் பிரிவைப் பார்த்துவைத்திருக்கிறாய். ஊசி என்றால் எனக்கு ஆகாது, என்னை மட்டும் சேர்க்காதே என்று எத்தனை முறை சொன்னேன்? மல்லிகா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். வண்டிச் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

கருவடிக்குப்பத்திலிருந்து கதிர்காமம் வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் போனேன். நான் ஊசியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்த நர்ஸ், "பயமா சார்?" என்றாள். "கோவம்மா" என்றேன்.

தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, 'இல்லை' என்று நீ எழுதிய இடத்தில் தேதியை அடித்துச் சேமித்தேன். மீட்டது சரியென்றால் பழைய நகலை அழித்துவிடு என்றது பெட்டி. அழித்தேன். அன்றிலிருந்து திறந்தால் அந்த எச்சரிக்கை வருவதில்லை. செல்வம் திறந்து வைத்திருக்கலாம் என்று அது சொல்வதில்லை. அவ்வளவு திட்டினேனே மச்சான், இப்போது அது இல்லாமல் திறக்க என்னால் முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி கொடுக்கலாம் என்றார்கள். போவேன். அன்றைக்கும் வழி நெடுக உனக்குத் திட்டு உண்டு.

பட்டியலில் நீ எழுதியபடியே,
மாமா