தொண்ணூறுக்குக் கீழே

நாள் 212, 06:10
நிலாவின் தென்துருவப் பனிச் சுரங்கம், மூன்றாம் நிலையம். எழுதுவது பொறியாளர் செண்பகவல்லி. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. இங்கே இருப்பது இரண்டே பேர்: நானும், துளையிடும் இசக்கிமுத்து அண்ணாச்சியும். எங்களை மேய்ப்பது 'நலன்' என்ற நிர்வாக இயந்திரம். காலை நலம் விசாரிப்பு முடிந்தது. என் நாடித்துடிப்பு 74. "இன்று மலர்ச்சியாக இருக்கிறீர்கள்" என்றது. ரொம்ப முக்கியம்.

நாள் 212, 09:35
அண்ணாச்சி வெளியே வேலைக்குப் போயிருக்கிறார். உண்மையைச் சொல்ல வேண்டும், நலன் வந்தபிறகு நன்றாகத் தூங்குகிறோம், உற்பத்தியும் கூடியிருக்கிறது. போன வருடம் பதினாறு மணி நேர வேலையில் ஒருவர் வெளியே மயங்கி விழுந்து செத்தார். எல்லா நிலையத்தாரும் வேலையை நிறுத்தி ஒரு விதி வாங்கினோம்: நாடி தொண்ணூறைத் தாண்டியவருக்கு வெளிக்கதவு திறக்காது. "எந்தச் சூழலிலும், யார் சொன்னாலும்" என்ற வரி நான் எழுதியது. விதிவிலக்கு வைத்தால் மேலாளர்கள் அதில் புகுந்துவிடுவார்கள் என்று அடம்பிடித்தேன்.

நாள் 212, 10:52
பனிப்பாறை சரிந்து அண்ணாச்சியின் கால் சிக்கிவிட்டது. கதவிலிருந்து நாற்பது மீட்டர்தான். அவரிடம் எழுபது நிமிடத்துக்குக் காற்று இருக்கிறது. கவச உடை போட்டுவிட்டேன். என் நாடி 131. கதவு திறக்கவில்லை.
நலன்: "பதற்றமாக இருக்கிறீர்கள். சற்று ஓய்வெடுங்கள். தேநீர் தயார்."

நாள் 212, 11:14
பூமிக்குச் சொன்னேன். பதில்: "மேடம், அந்த விதிய எங்களாலயும் மாத்த முடியாது. அப்படித்தானே நீங்க கேட்டு வாங்குனீங்க?"
நாடியைக் குறைக்க மாத்திரை போட்டால் ஒரு நாள் முழுக்க வெளியே போகத் தடை. நாடி பார்க்கும் மணிக்கட்டுப் பட்டையை அறுத்தாலும் கதவு திறக்காது. எல்லா ஓட்டையையும் நானே அடைத்திருக்கிறேன். கம்பியால் கதவை அடித்தேன். 148.

நாள் 212, 11:31
அண்ணாச்சி, ரேடியோவில்: "ஏட்டி செம்பகம், அடிக்காத. அடிச்சா ஏறத்தான் செய்யும். உக்காரு. நா ஒண்ணும் சாவல. எம்மவ மொத மொத தோச சுட்ட கதயச் சொல்லுதேன், கேளு."
உட்கார்ந்தேன். 112. 104. 97. அவர் சொன்ன விதத்தில் சிரித்துவிட்டேன். 101. இனிச் சிரிக்கக் கூடாது.

நாள் 212, 11:58
அண்ணாச்சி: "...தோச பூரா கல்லோட ஒட்டிக்கிட்டு. புள்ள அழுதுட்டா. நா கல்லச் சொரண்டிச் சொரண்டித் தின்னேன் பாத்துக்கோ. நல்லாத்தான்..."
93. 92. 91.
பேச்சு நின்றுவிட்டது.
139.

நாள் 212, 12:20
அண்ணாச்சி, பேசுங்க.
அண்ணாச்சி.
கத்திக்கொண்டே இருக்கிறேன். நலன் மெல்லிசை போட்டிருக்கிறது.

நாள் 213, 06:10
காற்றழுத்தம் சரி. தண்ணீர் பார்க்கவில்லை. அழுது முடித்துவிட்டேன். காலை நலம் விசாரிப்பு. நாடி 68.
நலன்: "மனநிலை சீராகிவிட்டது. பாராட்டுகள். நீங்கள் பணிக்குத் தகுதியானவர்."
கதவு திறந்திருக்கிறது.