மாப்பிள்ளை ஊர்வலக் காருக்கு டர்போ இன்ஜின் வேண்டாம்

அனுப்புநர்
த. ஜேசுதாசன்,
தலைவர், விடிவெள்ளி பேண்டு வாத்தியக் குழு,
இராஜபாளையம்.

பெறுநர்
மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்கள்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓடும் இரண்டு இருக்கைத் திறந்த காரில் டர்போ டீசல் இன்ஜின் மாற்றியிருப்பது – முன்னால் நடந்து வாசிப்பவர்களின் உயிருக்கு ஆபத்து – அனுமதி மறுக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கிளாரினெட் வாசிப்பவன். ஊர்வலத்தில் எங்கள் குழு காருக்கு முன்னால் நடக்கும். முகம் ஊர்ப் பக்கம், முதுகு கார்ப் பக்கம். கடைசி வரிசையில் பெரிய டிரம். அதை அடிப்பவருக்கும் பம்பருக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்தால் அதிகம். ஏன் இப்படி ஒட்டி நடக்கிறீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். எங்களுக்கு இருபுறமும் டியூப் லைட்டைத் தலையில் சுமந்து பெண்கள் வருகிறார்கள். அதன் வயர் காருக்குப் பின்னால் ஆட்கள் தள்ளிவரும் ஜெனரேட்டர் வண்டியில் இருக்கிறது. வயர் எட்டும் தூரம்தான் எங்களுக்கு இடம். அதைத் தாண்டினால் இருட்டில் வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரும் விடமாட்டார்கள், வீடியோ எடுப்பவரும் விடமாட்டார்.

2. காரின் உரிமையாளர் இவ்வூர் திரு. காளிராஜ். சிறிய கார். மடித்த கூரைத் துணியின் மேல் மாப்பிள்ளை ஏறி உட்காருவார். இத்தனை வருடமும் பழைய பெட்ரோல் இன்ஜினோடு அரை கிளட்சில் ஊர்ந்துதான் வந்தது. ஓட்டுநரின் கால் நழுவினால் ஒரு குலுங்கு குலுங்கி இன்ஜின் அணைந்துவிடும். நாங்கள் திரும்பிப் பார்த்துத் திட்டுவோம். அத்தோடு சரி.

3. அந்த இன்ஜின் சூடு தாங்காமல் போனதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் சோலைராஜ் இரண்டு இன்ஜின்களைக் காட்டினார். ஒன்று சிறிய பெட்ரோல் இன்ஜின். மற்றொன்று விபத்தில் நொறுங்கிய வேனிலிருந்து கழற்றிய டர்போ டீசல். காரும் பேண்டும் சேர்ந்தே போவதால் என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். ஊர்ந்து போகிற காருக்குச் சின்னதே போதும் என்றேன். திரு. காளிராஜ் சிரித்தார். சீசனில் குற்றாலத்துக்கு வாடகை ஓட்ட வேண்டுமாம். "டர்போ வெச்ச கல்யாண காரு இந்த வட்டாரத்துல எவன்ட்ட இருக்கு?" என்றார். எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது என்பதைத் தங்களிடம் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. இந்த இன்ஜினின் குணம் வேறு. ஆக்சிலேட்டரைத் தொட்டால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. ஓட்டுநர் இன்னும் கொஞ்சம் மிதிக்கிறார். அதற்குள் டர்போ பிடித்துக்கொண்டு மொத்தமாக முன்னே தள்ளுகிறது. ஆக்சிலேட்டரில் காலே வைக்காமல் கிளட்சை விட்டாலும் கார் ஆள் நடப்பதைவிட வேகமாகப் போகிறது. எதிலாவது முட்டினால் அணைவதும் இல்லை, முட்டியதைத் தள்ளிக்கொண்டே போகிறது.

5. சென்ற ஆனி மாதம் சோழபுரத்தில் அதுதான் நடந்தது. பிள்ளையார் கோயில் முன்பு சிதறு தேங்காய் உடைப்பதற்காக ஊர்வலம் நின்றது. ஓட்டுநர் பால்பாண்டி நல்லவர், குடிப்பழக்கம் இல்லாதவர். அவரைக் குறை சொல்லி இந்த மனு எழுதவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடிக்கொண்டே பானட்டில் ஏறியதில் அவர் பதறினார், கிளட்சிலிருந்து கால் நழுவியது. டிரம் அடித்துக்கொண்டிருந்த தேவஇரக்கம் என் தங்கை கணவர். வயிற்றில் டிரம்மை வைத்து அடிப்பவருக்குப் பின்னால் வருகிற இன்ஜின் சத்தம் கேட்காது. பம்பர் அவர் முழங்காலின் பின்பக்கம் இடித்தது. டிரம்மின் மேலேயே குப்புற விழுந்தார்.

பால்பாண்டி பிரேக்கைத் தேடாமல் சாவியைத் திருப்பினார். பெட்ரோல் காரில் பழகிய கை. சாவியைத் திருப்பினால் அந்த இன்ஜின் நின்றுவிடும். இந்த டீசலை நிறுத்தத் தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டுமாம். சாவி கையோடு வந்துவிட்டது, கார் நிற்கவில்லை. டிரம் நசுங்கி பம்பருக்கு அடியில் சிக்கிய பிறகுதான் நின்றது. டிரம் இல்லாவிட்டால் சக்கரம் அவர் முதுகில் ஏறியிருக்கும்.

6. மாப்பிள்ளை வீட்டார் அவரைத் தூக்கி ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, நல்ல நேரம் போகிறது, வாசியுங்கள் என்றார்கள். வாசித்தோம். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த திரு. காளிராஜ், "டிரம்ம நான் புதுசா வாங்கித் தாரேன், அம்புட்டுதானே?" என்றார். அம்புட்டு இல்லை, ஐயா. தேவஇரக்கத்தின் முழங்கால் இனி மடங்காது. என் தங்கை செல்லக்கனி கணவரைக் காட்டி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணே, அவியளுக்கு முதுகுல கண்ணா இருக்கு?"

7. இன்ஜின் மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ள வருகிற வியாழக்கிழமை அந்தக் கார் தங்கள் முன் வருவதாக அறிகிறேன். நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நன்றாகவே ஓடும், பிரேக்கும் பிடிக்கும். இதன் ஆபத்து நடை வேகத்தில்தான் இருக்கிறது. சனிக்கிழமை மாலை கூமாப்பட்டியில் அதே காருக்கு முன்னால் எங்களுக்கு வாசிப்பு. வரமாட்டோம் என்றால் வேறு பேண்டு வரும், அவர்களும் முதுகைக் காட்டித்தான் நடப்பார்கள். கடைசி வரிசையில் நில் என்று எங்கள் ஆட்கள் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே டிரம்மை நானே சுமக்கப் போகிறேன்.

8. சோலைராஜ் காட்டிய சிறிய இன்ஜின் இன்னும் பட்டறையில்தான் கிடக்கிறது. அதைப் பொருத்தினால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அதுவரை இந்த மாற்றத்துக்கு அனுமதி தரவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். என் சொல்லில் தங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். வியாழக்கிழமை நான் டிரம்மோடு தங்கள் அலுவலக வாசலுக்கு வருகிறேன். இரண்டு முழம் முன்னால் முதுகைக் காட்டி அடித்துக்கொண்டே நடக்கிறேன். தாங்கள் பால்பாண்டியின் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். என் முதுகைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட முடிந்தால் போட்டுவிடுங்கள், நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

இடம்: இராஜபாளையம்
நாள்: 24.8.1998

இப்படிக்கு, தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
த. ஜேசுதாசன்